செத்தவர் திரும்பி வரலாமா? சார்லட் பிரான்டே வீட்டு விளையாட்டின் விதிகள்

1826ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள் இரவு, இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய்த் திரும்பிய ஒரு பாதிரியார் தன் ஒரே மகனுக்காக ஒரு பெட்டி மரச் சிப்பாய்களை வாங்கிவந்தார். பெட்டியில் பன்னிரண்டு சிப்பாய்கள் இருந்தார்கள். மறுநாள் காலையில் மகன் பிரான்வெல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சகோதரிகளின் அறைவாசலுக்கு ஓடினான். கட்டிலிலிருந்து குதித்து வந்த பத்து வயது அக்கா ஒரு சிப்பாயைப் பறித்தெடுத்து, வெலிங்டன் கோமகன் என்று அவனுக்குப் பெயரிட்டாள். பிரான்வெல் தன்னுடையவனுக்கு நெப்போலியன் போனபார்ட்டின் பெயரை வைத்தான். எமிலிக்கும் கடைக்குட்டி ஆனுக்கும் ஆளுக்கொரு சிப்பாய் கிடைத்தது.

அந்த அக்காதான் பிற்காலத்தில் ‘ஜேன் அயர்’ நாவலை எழுதிய சார்லட் பிரான்டே. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அந்த நாவலில் தொடங்குவார்கள். நான் சிப்பாய்ப் பெட்டியில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

நான் மாத்தளையில் கணினி வகுப்பு நடத்துபவன். ஆறு இளையவர்களுக்காக இணையவழிக் கதை விளையாட்டு ஒன்றைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு கற்பனை உலகத்துக்குள் பயணம் போகும் விளையாட்டு இது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இந்த வகையில் முதலாவதாக விற்பனைக்கு வந்தது. ஆடுகிறவர்களில் இருவர் மாத்தளைக்காரர். ஒருவர் வவுனியா, ஒருவர் கிளிநொச்சி, இருவர் ரொறன்ரோ. கதையை நடத்தும் என்னை வடக்குப் பிள்ளைகள் அண்ணாவியார் என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை கூத்து மாஸ்டர் என்கிறான்.

இப்படியான ஆட்டத்தில் கதை தொடங்குவதற்கு முன் ஒருநாள் எல்லோரும் கூடி வீட்டு விதிகளைப் பேசிக்கொள்வது வழக்கம். அச்சிட்ட விதிநூல் எல்லாருக்கும் பொது. வீட்டு விதி அந்தக் கூட்டத்துக்கு மட்டும் உரியது. எங்கள் கூட்டத்தில் எழுந்த முதலாவது கேள்வி, ஒரு பாத்திரம் செத்துப்போனால் திரும்பி வரலாமா என்பது. இந்தக் கேள்வியை எங்களுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வீட்டுப் பிள்ளைகள் சந்தித்திருக்கிறார்கள் என்பதால்தான் சார்லட்டின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

சார்லட் பிறந்தது 1816 ஏப்ரல் 21. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனதற்கு மறுவருடம். தந்தை பற்றிக் பிரான்டே அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் குருவானவர். 1820இல் குடும்பம் யோர்க்‌ஷயரின் ஹவோர்த் என்ற மலைக்கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. வீட்டின் முன்னால் இடுகாடு. ஆறு பிள்ளைகளின் தாய் 1821 செப்டெம்பரில் இறந்தபோது சார்லட்டுக்கு ஐந்து வயது.

1824இல் மூத்த பெண்பிள்ளைகள் நால்வரும் ஒரு விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார்கள். குளிர், மோசமான உணவு, நோய். தாயில்லாத வீட்டில் தாய்போல் இருந்த மூத்த அக்கா மரியா 1825 மே 6ஆம் திகதியும், இரண்டாவது அக்கா எலிசபெத் ஜூன் 15ஆம் திகதியும் காசநோயால் இறந்தார்கள். ஒன்பது வயதில் சார்லட் வீட்டின் மூத்த பிள்ளை ஆனாள்.

சிப்பாய்ப் பெட்டி வந்தது அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. இந்தத் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த விளையாட்டின் முக்கியமான விதி விளங்கும். சிப்பாய்கள் கடல் கடந்து போனார்கள், போர் செய்தார்கள், செத்தார்கள். ஆனால் அந்த உலகத்தின் மேலே நான்கு பெரும் பூதங்கள் இருந்தன. டாலி, பிரானி, எமி, ஆனி என்று பெயர். நான்கு பிள்ளைகளும் தாங்களே அந்தப் பூதங்கள். செத்துக் கிடக்கும் சிப்பாயை உயிர்ப்பிக்கும் அதிகாரம் பூதங்களுக்கு உண்டு. நிஜ வீட்டில் மூன்று மரணங்களைத் தடுக்க முடியாமல்போன பிள்ளைகள், தங்கள் கையிலிருந்த உலகத்தில் மரணத்துக்கு மேல் ஓர் அதிகாரத்தை எழுதிவைத்துக்கொண்டார்கள்.

பாத்திரம் உருவாக்குவதையும் அவர்கள் முறையாகச் செய்தார்கள். 1827 டிசம்பரில் தொடங்கிய ‘தீவுவாசிகள்’ என்ற ஆட்டத்தில் ஒவ்வொருவரும் முதலில் ஒரு தீவைத் தேர்ந்தார்கள். சார்லட் வைற் தீவையும் பிரான்வெல் மான் தீவையும் எடுத்தார்கள். எமிலிக்கு அரன், ஆனுக்கு கேர்ன்சி. பிறகு தீவின் தலைவர்களாக யார் யார் இருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் பெயர் சொன்னார்கள். அக்காலத்து அரசியல்வாதிகள், எழுத்தாளர்கள், வைத்தியர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் வந்தார்கள். முதலில் இடம், பிறகு ஆள், பிறகு கதை. இன்றைக்கும் அதே ஒழுங்குதான்.

இன்றைய விதிநூலில் ஒரு பாத்திரத்துக்கு ஆறு குணங்கள்: வலிமை, சுறுசுறுப்பு, தாங்குதிறன், அறிவு, விவேகம், பிறரைக் கவரும் ஆற்றல். நான்கு பகடைகளை உருட்டி மிகக் குறைந்ததை நீக்கிவிட்டு மூன்றைக் கூட்டலாம். அல்லது எல்லாருக்கும் சமமாக 27 புள்ளிகள் கொடுத்து விரும்பியபடி பங்கிடச் சொல்லலாம். நாங்கள் இரண்டாவது முறையை எடுத்தோம். பிறக்கும்போதே பகடை ஒருவனுக்கு ஆறும் ஒருவனுக்கு ஒன்றுமாக விழுவதை இந்தப் பிள்ளைகள் வேண்டிய அளவு பார்த்துவிட்டார்கள்.

எங்கள் வரைபடம் ஒரு கடற்கரையில் தொடங்கி, காட்டுப் பாதையால் போய், ஒரு மலைவாசலில் முடிகிறது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்துவந்த பாதைதான் அதன் முன்மாதிரி. மலையகம் 200 நினைவாக 2023 ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்ததும் அந்த நினைவில்தான். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறை இல்லை.

இங்கே சார்லட்டின் விளையாட்டிலிருந்து நாங்கள் விலகவேண்டிய இடம் ஒன்று வந்தது. அந்தப் பிள்ளைகளின் கண்ணாடி நகரம் மேற்கு ஆபிரிக்காவில் இருந்தது. சிப்பாய்கள் அங்கே போய்க் குடியேறினார்கள். அந்த மண்ணின் அசாந்தி மக்கள் கதையில் எதிரிகள் ஆனார்கள். அசாந்தி இளவரசன் குவாசியா, வெலிங்டன் வீட்டில் வளர்ந்தும் வில்லனாகவே எழுதப்பட்டான். வெலிங்டனோ வெறும் கற்பனை வீரனல்ல. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் படை நடத்தியவர்களில் ஒருவர். ஹவோர்த் வீட்டுக்கு வந்த செய்தித்தாள்களிலும் சஞ்சிகைகளிலும் பேரரசின் கண்ணால் பார்த்த உலகமே இருந்தது. பிள்ளைகள் அதைக் கொண்டுதான் விளையாடினார்கள்.

இது அக்காலத்தோடு முடிந்த குறையல்ல. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விதிநூல்களில் ஓர்க் போன்ற சில இனங்கள் பிறவியிலேயே கெட்டவையாக நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தன. எதிர்ப்பு எழுந்தபின் 2020இல் அதன் வெளியீட்டாளர்கள் அந்தப் போக்கை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். ஓர் இனமே ஆபத்தானது என்று எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் கூட்டத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1983 ஜூலையில் எரிந்த நகரங்களில் மாத்தளையும் ஒன்று. கிளிநொச்சியிலிருந்து சேரும் தங்கச்சியின் தாத்தாவும் பாட்டியும் 1977 கலவரத்துக்குப் பின் மாத்தளைத் தோட்டமொன்றை விட்டு வன்னிக்குப் போனவர்கள். பாதுகாப்புத் தேடிப் போன அந்தக் குடும்பத்தை 2009இல் யுத்தம் அங்கேயும் வந்து பிடித்தது. எங்கள் உலகத்தில் பிறப்பால் கெட்ட இனம் எதுவும் இல்லை என்ற விதி விவாதமின்றி நிறைவேறியது.

சார்லட்டின் கதைக்குத் திரும்புகிறேன். 1831 ஜனவரியில் அவள் ரோ ஹெட் என்ற இடத்துப் பாடசாலைக்குப் போனாள். அக்கா போனதும் எமிலியும் ஆனும் பொது ஆட்டத்திலிருந்து பிரிந்து கொண்டால் என்ற தங்கள் சொந்த உலகத்தைத் தொடங்கினார்கள். 1834இல் சார்லட்டும் பிரான்வெலும் சேர்ந்து அங்கிரியா என்ற புதிய இராச்சியத்தை அமைத்தார்கள். அதன் மன்னன் சமோர்னா சார்லட்டின் செல்லப் பாத்திரம். அவனுக்கு மாமனாரும் எதிரியுமான நோர்தங்கர்லாந்து பிரான்வெலின் பாத்திரம்.

1835இல் சார்லட் அதே பாடசாலைக்கு ஆசிரியையாகப் போனாள். சம்பளத்தின் ஒரு பகுதி தங்கையின் படிப்புக்கு. வேலையோ பிடிக்கவில்லை. பகலில் இலக்கணம் கற்பித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்குள் அங்கிரியா வந்து நிற்கும். ஆட்டத்தின் மற்றப் பாதி வீட்டில் தம்பியின் கையில் இருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று அறியக் கடிதம் வரும்வரை காத்திருக்கவேண்டும். அந்தக் காலத்தில்தான் பிரான்வெல் ஒரு பெரும் உள்நாட்டுப் போரைத் தொடங்கி, சமோர்னாவின் மனைவி மேரியைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனான். மேரியை உண்மையிலேயே கொன்றுவிட்டானா என்று தெரியாமல் சார்லட் தவித்ததற்கு அவளுடைய அந்நாளைய குறிப்புத் தாள்களே சாட்சி. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் 1836 டிசம்பரில் அவள் எழுதிய கதையில் மேரி உயிரோடு இருந்தாள்.

கற்பனைப் பெண் ஒருத்திக்காக இருபது வயது ஆசிரியை இப்படித் தவித்தாளே என்று சிரிக்கலாம். கிளிநொச்சித் தங்கச்சி சிரிக்கவில்லை. இந்தப் பகுதியை நான் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய அப்பா 2009 மே மாதத்துக்குப் பின் எங்கே என்று இன்றுவரை தெரியாது. அம்மா படத்தை ஏந்திக்கொண்டு வீதியோரக் கொட்டிலில் உட்கார்ந்தவர்களில் ஒருவர். தூரத்தில் இருக்கும் ஒருவர் முடிவை எழுதிவிட, உரியவருக்கு அது தெரியாமலே இருப்பது அவருக்குக் கதையல்ல.

செத்தவர் திரும்பலாமா என்ற கேள்விக்கு அதுவரை இரண்டு பதில்கள் வந்திருந்தன. ரொறன்ரோத் தம்பி விதிநூலைக் காட்டினான். இறந்து பத்து நாட்களுக்குள், 500 பொற்காசு பெறுமதியான ஒரு வைரத்தைச் செலவழித்தால், மந்திரம் தெரிந்தவர் உயிர்ப்பிக்கலாம் என்று அதில் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை காமன் கூத்தைச் சொன்னான். மாசி மாதத்தில் காப்புக் கட்டி விரதமிருந்து மன்மதனாகவும் ரதியாகவும் வேடமேற்பதும், சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவதும், ரதி புலம்புவதும், மூன்றாம் நாள் காமன் உயிர்த்தெழுவதும் அவன் சிறுவயது முதல் பார்த்தவை. அங்கே காசு கேட்பதில்லை. ஊரே கூடி அழுதால்தான் காமன் எழுவான் என்பது அவன் வாதம்.

தங்கச்சி மூன்றாவது பதிலைச் சொன்னார். பாத்திரத் தாளில் உயிரோடு, இறந்தார் என்ற இரண்டு கட்டங்களோடு காணாமல் போனார் என்று மூன்றாவது கட்டமும் வேண்டும். அந்தக் கட்டத்தில் இருக்கும் ஒருவரை இறந்தவர் கட்டத்துக்கு மாற்ற அண்ணாவியாருக்கும் உரிமை இல்லை. தேடுகிறவர்கள் கண்டறிந்தால் மட்டுமே மாற்றலாம். நான் வாசித்த எந்த விதிநூலிலும் இப்படியொரு கட்டம் இல்லை.

சார்லட் எப்போது அங்கிரியாவை விட்டாள் என்பதும் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. 1837இல் அரசவைக் கவிஞர் ரொபர்ட் சவுதி, பகற்கனவு அன்றாட வாழ்வுக்கு ஒருவரை உதவாதவராக்கிவிடும் என்றும் இலக்கியம் பெண்ணின் தொழிலாக முடியாது என்றும் அவளுக்குக் கடிதம் எழுதினார். இரண்டாவது கருத்தை அவள் வாழ்ந்து பொய்யாக்கினாள். முதலாவது கருத்து உள்ளே தைத்தது. ஏறக்குறைய 1839இல், இருபத்துமூன்று வயதில், அங்கிரியாவிடம் விடைபெற்று ஒரு சிறு குறிப்பு எழுதினாள். பழகிய முகங்களை விட்டு அந்நிய நாட்டுக்குப் போவதுபோன்ற வலி அதில் தெரிகிறது. பிரான்வெலால் விட முடியவில்லை. நோர்தங்கர்லாந்து என்ற பாத்திரத்தின் பெயரிலேயே பத்திரிகைகளுக்குக் கவிதைகள் அனுப்பினான். பிற்காலத்தில் குடியிலும் அபினிலும் அழிந்தான். விளையாட்டுத்தான் அவனை அழித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓர் உலகத்துக்குள் போக வாசல் வைப்பவர் வெளியே வரவும் வாசல் வைக்கவேண்டும்.

1842இல் சார்லட்டும் எமிலியும் படிப்புக்காகப் பிரசல்ஸ் போனார்கள். திரும்பிவந்து சொந்தமாகப் பாடசாலை தொடங்க முயன்றார்கள். ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. 1846இல் மூன்று சகோதரிகளும் கரர், எல்லிஸ், அக்டன் பெல் என்ற புனைபெயர்களில் கவிதைத் தொகுப்பு வெளியிட்டார்கள். பெண் என்று தெரிந்தால் வாசகர் வேறு அளவுகோலை எடுப்பார்கள் என்பதால் ஏற்ற வேடம் அது. முதல் வருடத்தில் விற்றது இரண்டு பிரதிகள். 1847 ஒக்டோபரில் ‘ஜேன் அயர்’ வந்தது. கரர் பெல் யார் என்று இலண்டன் முழுதும் தேடியது.

அந்த நாவலில் ஹெலன் பேர்ன்ஸ் என்ற சிறுமி விடுதிப் பாடசாலையில் காசநோயால் இறக்கிறாள். அக்கா மரியாவை மனதில் வைத்து எழுதிய பாத்திரம் அது. இங்கே பூதம் எதுவும் வரவில்லை. ஜேனின் அணைப்பில் ஹெலன் இறந்துபோகிறாள். பதினைந்து வருடங்கள் அந்தப் புதைகுழி புல் மூடிக் கிடக்கிறது. அதன்பிறகு அங்கே பெயர் பொறித்த சாம்பல்நிறக் கல் ஒன்று வைக்கப்படுகிறது. வைத்தது யார் என்று நாவல் சொல்வதில்லை. ஜேன்தான் என்று வாசகருக்குத் தெரியும். பத்து வயதில் செத்தவர்களை எழுப்பி விளையாடியவள், முப்பது வயதில் ஒரு கல்லை நாட்டினாள். துயிலும் இல்லங்களின் கற்கள் உடைக்கப்பட்ட மண்ணிலிருந்து வாசிப்பவர்களுக்கு அந்தக் கல்லின் பாரம் தெரியும்.

பிறகு வந்தது அவளுடைய வாழ்வின் கொடிய வருடம். 1848 செப்டெம்பர் 24 பிரான்வெல். டிசம்பர் 19 எமிலி. 1849 மே 28 ஆன். எட்டு மாதங்களில் விளையாட்டின் மற்ற மூன்று பூதங்களும் போய்விட்டன. அப்போது பாதியில் நின்றிருந்த ‘ஷேர்லி’ நாவலை எடுத்து, மரண நிழலைத் தலைப்பிலேயே கொண்ட ஓர் அத்தியாயத்திலிருந்து தொடர்ந்தாள். அதில் நோயுற்றுச் சாவின் வாசல்வரை போகும் கரோலினை அவள் சாகவிடவில்லை. பிரிந்திருந்த தாயை அவளுக்குத் திருப்பிக் கொடுத்து எழுப்பினாள். பழைய வீட்டு விதியைக் கடைசியாக ஒருமுறை பயன்படுத்தினாள் என்றே நான் வாசிக்கிறேன்.

1850இல் தங்கைகளின் நாவல்களை மறுபதிப்புச் செய்து, எல்லிஸ், அக்டன் பெல் என்பவர்கள் உண்மையில் யார் என்று வாசகருக்கு எழுதிவைத்தாள். 1853இல் ‘விலெற்’ வெளிவந்தது. 1854 ஜூனில் தந்தையின் உதவிக் குருவானவர் ஆர்தர் பெல் நிக்கல்சை மணந்தாள். கர்ப்பிணியாக இருக்கையில் 1855 மார்ச் 31ஆம் திகதி, 38 வயதில் இறந்தாள். ஆறு பிள்ளைகளையும் இழந்த தந்தை மேலும் ஆறு வருடங்கள் வாழ்ந்தார். எமிலியும் ஆனும் எழுதிய கொண்டால் உரைநடைக் கதைகள் எல்லாம் மறைந்துவிட்டன. கவிதைகளும் சில குறிப்புகளுமே எஞ்சின. மரச் சிப்பாய்கள் வாசிப்பதற்கென்று தீப்பெட்டி அளவில் பிள்ளைகள் தைத்த சிறு சஞ்சிகைகளில் சில தப்பின. அவற்றில் ஒன்றைப் பிரான்டே சங்கம் 2019இல் பாரிஸ் ஏலத்தில் ஆறு இலட்சம் யூரோவுக்கு மீட்டு ஹவோர்த் வீட்டுக்குக் கொண்டுவந்தது.

எங்கள் விதிகளை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளோடு இப்படி ஆட நினைக்கும் எவரும் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் சமமான புள்ளிகள். பிறப்பால் கெட்ட இனம் இல்லை. டேட்டா முடிந்தோ கரண்ட் போயோ ஒருவர் இணைப்பில் இல்லாதபோது அவருடைய பாத்திரத்துக்கு யாரும் முடிவு எழுதக்கூடாது. ஷெல், பங்கர், வெள்ளைக்கொடி கதையில் வராது. அதையும் மீறி ஒரு காட்சி ஒருவரை வருத்தினால் அவர் ஒரு பெருக்கல் குறியை அனுப்பினால் போதும். காரணம் கேட்காமல் காட்சியை விட்டு நகர்வோம். ஜோன் ஸ்டாவ்ரோபோலஸ் என்ற அமெரிக்கர் அறிமுகம் செய்த இந்த முறை இன்று பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. இறந்த பாத்திரம் ஒரே ஒருமுறை திரும்பலாம். அதற்கு வைரம் வேண்டாம், கூட்டத்திலுள்ள ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள ஒன்றைக் கைவிடவேண்டும். திரும்பாதவருக்கு அவர் விழுந்த இடத்தில் வரைபடத்தில் ஒரு கல். அதில் என்ன எழுதுவது என்பதை அந்தப் பாத்திரத்தை ஆடியவரே தீர்மானிப்பார். காணாமல் போனவருக்குத் தனிக் கட்டம்.

கடைசி விதி, இருபது அமர்வுகளில் ஆட்டம் முடியும். இருபதாவது அமர்வில் சண்டையும் இல்லை, பகடையும் இல்லை. ஆறு பேரும் தங்கள் பாத்திரங்களிடம் விடைபெறுவார்கள். அந்தத் தாள்களை அவர்கள் வைத்திருக்கலாம்.